சுவரோடு நிற்பதும் கையோடு வருவதும்

மாணவர்களோடு சேர்ந்து பள்ளியில் பெரிதாக ஒன்றைக் கட்ட நினைக்கும் ஆசிரியருக்கு முதலில் இடிப்பது நேரம்தான். கலைக்குக் கிடைப்பது வாரத்தில் ஓரிரு பாடவேளைகள். சுவரில் வேலை தொடங்கிவிட்டால் தாளில் வரைவது நின்றுபோகிறது. ஆண்டு முடிவில் சுவர் அழகாக நிற்கும். ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகும் குழந்தையின் கையில் ஒன்றும் இருக்காது.

இதே இழுபறியோடு கால் நூற்றாண்டு வாழ்ந்த கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ். 1887இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். டிராம் சீட்டு, மிட்டாய் உறை, தபால்தலை, செய்தித்தாள் துண்டு என்று பிறர் எறிந்ததை ஒட்டியே படங்கள் செய்தார். 1919இல் அவர் ஒட்டிய ஒரு வங்கி விளம்பரத்தில் ‘கொம்மெர்ஸ்’ என்ற சொல் வெட்டுப்பட்டு ‘மெர்ஸ்’ மட்டும் மிஞ்சியது. அதையே தன் கலை முழுமைக்கும் பெயராக வைத்துக்கொண்டார்.

1923 வாக்கில், குடியிருந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டுமானத்தைத் தொடங்கினார். மரத்தாலும் பிளாஸ்டராலும் தூண்கள், முனைகள், மடிப்புகள் எழுந்தன. இடையிடையே சிறு குகைகள். நண்பர்களிடமிருந்து கேட்டு வாங்கிய சின்னச் சின்னப் பொருள்கள் அந்தக் குகைகளுக்குள் போயின. சில ஆண்டுகளில் மேலே மேலே கட்டியதில் பழைய குகைகள் பல மூடப்பட்டன. வேலை ஓர் அறையோடு நிற்கவில்லை, அடுத்த அறைகளுக்கும் பரவியது. வீட்டில் இருந்தவர்களின் பொறுமையையும் இங்கே பாராட்டத்தான் வேண்டும். ‘மெர்ஸ்பாவ்’, அதாவது மெர்ஸ் கட்டடம், இதுதான்.

இத்தனைக்கும் நடுவில் அவர் சிறிய ஒட்டுச்சித்திரங்களை நிறுத்தவில்லை. பிழைப்புக்கு அச்சு வடிவமைப்பும் செய்துகொண்டிருந்தார். சிறிதும் பெரிதும் எப்படிச் சேர்ந்து நடந்தன என்று பார்த்தால், இரண்டுக்கும் அவர் தனித்தனிச் சரக்கு தேடவில்லை என்பது தெரிகிறது. குப்பையிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவைதான் இரண்டுக்கும் ஆதாரம். தாளுக்குப் பொருந்தியது தாளுக்குப் போனது. கனமானது கட்டடத்துக்குப் போனது.

1937 ஜனவரியில் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி நார்வே போனார். கட்டடம் ஹனோவரிலேயே நின்றது. 1943 அக்டோபரில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. நார்வேயில் அவர் கட்டிய இரண்டாவது கட்டடமும் 1951இல் தீக்கிரையானது. 1940இல் ஜெர்மானியப் படை நார்வேக்குள் வந்ததும் பிரிட்டனுக்குத் தப்பினார். எதிரி நாட்டுக்காரர் என்று மான் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் கை சும்மா இருக்கவில்லை. உடனிருந்தவர்களை உருவப்படமாக வரைந்தார், கிடைத்ததை ஒட்டினார். காலை உணவுக் கஞ்சியைக்கூடச் சேர்த்துவைத்துச் சிற்பம் செய்தார்; அது பூசணம் பூத்து நாறியதாக உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அவருடைய சிறிய படங்கள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அப்படியானால் கட்டுவது வீண் என்று அவர் நினைத்தாரா? இல்லை. 1947இல், உடல் நலிந்த நிலையில், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் எல்டர்வாட்டர் என்ற ஊரில் ஒரு கற்கொட்டகைக்குள் மறுபடியும் தொடங்கினார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கு உதவித்தொகை தந்திருந்தது. பழைய கட்டுமானங்களைச் சீராக்க வந்த அந்தப் பணத்தைப் புதிய கொட்டகையில் போட்டார். ஒரு சுவர்தான் ஓரளவு உருவானது. 1948 ஜனவரி 8 அன்று இறந்துவிட்டார். 1965இல் அந்தச் சுவரை அப்படியே பெயர்த்து நியூகாசில் ஹேட்டன் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். சுவரும் பயணம் செய்யும்தான். ஆனால் அதற்கு எத்தனை பேர், எவ்வளவு செலவு!

நம் வகுப்புக்கு வருவோம். சுவர் வேலையில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. ஐந்தாறு பேர் சுவரிடம், மற்றவர்கள் தரையில் அட்டையோடு. பாடவேளை பாதியில் குழு மாறலாம். பேருந்துச் சீட்டு, திருமண அழைப்பிதழ், பழைய நாள்காட்டித் தாள், மூடிகள், துணித்துண்டு எல்லாம் ஒரே பெட்டியில் சேரட்டும். அதிலிருந்துதான் இரண்டும். அட்டை அஞ்சலட்டை அளவில் இருந்தால் புத்தகப் பைக்குள் மடங்காமல் போகும். பெரிதாக வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். கொடுத்தால் பாதியில் நிற்பதைப் பார்க்கலாம். பின்புறத்தில் பெயரையும் தேதியையும் குழந்தையே எழுத வேண்டும். மேல்வகுப்பு மாணவர்கள், அந்த அட்டையில் கண்டுபிடித்த ஒன்றைச் சுவரில் பெரிதாக்கிப் பார்க்கலாம். சிறியது பெரியதற்கு ஒத்திகை ஆகும். அதே சமயம் அவர்களுடைய சொந்தப் படமாகவும் இருக்கும்.

சுவர் நம்முடையது என்றாலும் அடுத்த முறை வெள்ளையடிக்க வருபவருக்கு அது தெரியாது. ஆகவே மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது நல்லது. ஹனோவரின் ஸ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்துக்காக 1980களின் தொடக்கத்தில் மெர்ஸ்பாவின் முதன்மை அறையை மறுபடி உருவாக்கியபோது, பெரிதும் நம்பியது 1933இல் எடுத்த மூன்று புகைப்படங்களைத்தான்.