கூடிச் செய்யும் வினை

தாமிரவருணிப் பாசனத்தில் பிசான நடவு நடைபெறுங்கால் வயற்கரையிற் சிறிது நேரம் நின்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். வரப்பின்மீது நின்று, விரைந்து நடுமாறு கூவுவோன் ஒருவன் உளன். வரிசையினுள்ளே, நடவுக்குப் புதியளாகிய இளம்பெண்ணின் அருகிற் குனிந்து, நாற்றை எத்துணை ஆழம் ஊன்றவேண்டும் என்று தன் கையாற் காட்டும் மூத்தாள் ஒருத்தியும் உளள். அன்றைய நடவு செவ்விதின் முடிதற்குக் காரணமானவர் இவ்விருவருள் யாவர் என்பதை உழவர் நன்கறிவர்.

பலர் கூடித் தொழில் செய்யும் இடமெங்கும் இவ்விருவகையாரும் உளர். ஏவுவோர் பலர், பயிற்றுவோர் சிலர். இக்காலத்துத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெரிதும் வேண்டிநிற்பது பின்னவரையே. அவர்தம் பணி இருதிறப்படும். தொழில் செய்வார் ஒருவர்க்கு அருகிருந்து, அவர் செய்வதைக் கண்டு, குறையை அவரே உணருமாறு வினவித் திருத்துதல் ஒன்று, இது பயிற்றுதல். குழுவினர் அனைவரையும் ஒருங்கு கூட்டி, தம் கருத்தைத் திணியாது, வாய் திறவாதாரையும் பேசுவித்து, அவர்களே ஒரு முடிவுக்கு வருமாறு துணைநிற்றல் மற்றொன்று. இதனை நெறிப்படுத்துதல் எனலாம்.

இவை இன்று புதிதாகத் தோன்றிய கொள்கைகள் அல்ல. யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில், மோசே காலை முதல் மாலை வரை தாம் ஒருவராகவே மக்களின் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்தமையை அவர் மாமனாகிய எத்திரோ கண்டான். தக்காரைத் தெரிந்து, சிறு வழக்குகளை அவர்பால் ஒப்புவிக்குமாறு அறிவுறுத்தினான். அவன் தானே வழக்குகளைத் தீர்க்க முற்படவில்லை. கண்டான், வினவினான், வழி கூறினான், பின்னர்த் தன் நாட்டுக்கு மீண்டான். திருவள்ளுவரும் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

இம்முறையின் பயனை நம் காலத்தில் கண்கூடாகக் காண விரும்புவோர் அரவிந்த் கண் மருத்துவமனையை நோக்குக. அதனை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1918-இல் பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடமலாபுரத்திற் பிறந்தவர். முடக்குவாத நோய் அவர்தம் விரல்களைக் கோணச்செய்தது. எனினும் அவ்விரல்களாலேயே கத்தியைப் பிடித்துக் கண்ணறுவை செய்யக் கற்றார். அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அம்மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் திருநெல்வேலியிலும் அதன் கிளை தோன்றியது.

கண்புரையாற் பார்வையிழந்தோர் பல்லாயிரவர். கண் மருத்துவரோ மிகச் சிலர். மருத்துவர் ஒருவரின் ஒரு நாழிகை வீணாயின், ஏழை ஒருவர் இருளோடே ஊர் திரும்ப நேரும். ஆதலின் அங்கு வேலை பகுக்கப்பட்டது. சிற்றூர்ப் பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டு இரண்டாண்டுகள் பயிற்றப்படுகின்றனர். பார்வையை அளத்தல், நோயாளியை ஆயத்தம் செய்தல், கருவிகளை எடுத்து நீட்டுதல், அஞ்சுவார்க்குத் தேறுதல் கூறுதல் ஆகிய பணிகளை அவர்கள் ஏற்கின்றனர். அறுவையறையில் மருத்துவர்க்கு இரு மேசைகள் உள. ஒன்றில் அறுவை நடைபெறுகையில், மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாகின்றார். எவரையும் விரட்டியன்று, வீணே காத்திருத்தலை ஒழித்தே காலம் மிச்சமாக்கப்படுகின்றது. அறுவைக்குப்பின் நேரும் கேடுகளும் மறைக்கப்படாமல் எண்ணிக் குறிக்கப்பட்டு ஆராயப்படுகின்றன.

1992-இல், லயன்ஸ் சங்கத்தாரின் துணையோடு, லைகோ என்னும் பயிற்சி நிலையத்தையும் இம்மருத்துவமனையார் மதுரையில் அமைத்தனர். பிற மருத்துவமனைகளிலிருந்து தலைவர் மட்டும் வந்து கேட்டுச் செல்வது அங்கு முறையன்று. மருத்துவர், செவிலியர், மேலாளர் ஆகியோர் ஒரு குழுவாக வந்து, தம் இடர்களைத் தாமே எடுத்துரைத்து, தீர்வையும் தாமே வகுக்கின்றனர். நிலையத்தார் அவர்தம் ஊருக்குச் சென்றும் நிலைமையை அறிகின்றனர். இவ்வாறு செய்தல் என்னை? பிறர் எழுதிக் கொடுத்த திட்டம் ஏட்டில் உறங்கும். தாம் வகுத்ததை மக்கள் தாமே காப்பர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கூலியைக் குறைத்து, கருவியும் கொடாது, பயிற்சி என்னும் பெயரால் உழைப்பை மட்டும் மிகுவிக்க முயல்வது பயிற்றுதல் ஆகாது. முடிவைத் தாம் முன்னரே செய்துகொண்டு, பிறர் கருத்தைக் கேட்பதுபோற் கூட்டம் கூட்டுவது அதனினும் தீது. ஒருமுறை ஏமாந்த குழு மறுமுறை வாய் திறவாது.

இக்கல்லூரியிற் பயிலும் நாம் நாளை ஆசிரியராயும் அலுவலராயும் பலர்க்குத் தலைமை பூணுவோம். யான் இல்லாத நாளிலும் இவ்வேலை செவ்வனே நடைபெறுமா என்பதே அன்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி. மூத்தாள் வாராத நாளிலும் அவள் பயிற்றிய கைகள் வரிசை கோணாது நடும். வரப்பின்மீது நிற்க விரும்பாது, சேற்றில் இறங்கிக் கற்பிக்கும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.