போட்டி முடிந்தாலும் பயிற்சியை அடியோடு விட வேண்டாம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து முடிக்கும் போட்டிக்கு ட்ரையத்லான் என்று பெயர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது. நீச்சல் 1.5 கி.மீ., சைக்கிள் 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்த் திரும்பும் தூரம்தான் சைக்கிளுக்கு. இதைவிட நீண்ட 'அயர்ன்மேன் 70.3' போட்டி 2019-இல் கோவாவில் தொடங்கியது. அக்டோபர் அல்லது நவம்பரில் அது நடக்கும்.

அந்த நேரத்தில் மதுரையில் மழைக்காலம். போட்டி முடிந்த அலுப்பும் மழையும் சேர்ந்துகொண்டால் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். "அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகள் இருந்துவிடுவார்கள். "போட்டிதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஓட்டம்?" என்று பெரியவர்களும் கேட்பதுண்டு. இதில் என்ன நஷ்டம் என்பதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது நல்லது.

நன்கு பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி 1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. முதல் மூன்று வாரங்களுக்குள்ளேயே, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களது உச்சத் திறன் 7 சதவீதம் குறைந்தது. 12 வாரத்தில் 16 சதவீதம் குறைந்தது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைவதுதான் முதல் சரிவுக்குக் காரணம்.

அப்படியானால் ஓய்வே கூடாதா? கட்டாயம் வேண்டும். போட்டிக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் நடை மட்டும் போதும். தசையும் மனமும் ஆறட்டும். அதன் பிறகும் பழைய அளவு தேவையில்லை. 1980-களில் நடந்த ஆய்வுகளில், வாரம் 6 நாள் பயிற்சி செய்தவர்கள் அதை 2 நாளாகக் குறைத்தும் அந்தத் திறன் 15 வாரம் குறையாமல் நின்றது. ஆனால் வேகத்தைக் குறைத்தவர்களுக்கு அது நிற்கவில்லை. ஆகவே நாளைக் குறைக்கலாம், நேரத்தையும் குறைக்கலாம். மூச்சு வாங்க வைக்கும் வேகத்தை மட்டும் அடியோடு விடக் கூடாது.

வாரத்துக்கு ஒரு நீச்சல், ஒரு சைக்கிள், ஒரு ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் வேகம் இருக்கட்டும். ஃபஜ்ரு தொழுகை முடிந்து, விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் ஓடுதளமும் நீச்சல் குளமும் உள்ளன. மழையில் நிரம்பிய கண்மாயிலும் வைகையிலும் நீந்தப் போகவே வேண்டாம். சேறும் சுழலும் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மழை நாளில் வீட்டிலேயே தண்டால், பஸ்கி எடுக்கலாம். வாரம் 2 நாள் இவற்றைச் செய்தால் மூட்டுகளுக்கும் பலம்.

சில ஆண்டுகளில் ரமலான் இந்த இடைவெளியில் வரும். நோன்பு நேரத்தில் கடும் பயிற்சி வேண்டாம். இஃப்தாருக்குச் சற்று முன் மெதுவான நடை, வேகமான பயிற்சி என்றால் இஃப்தாருக்கு ஓரிரு மணி நேரம் கழித்து என்று பிரித்துக்கொள்ளலாம். சஹர் வரை தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யட்டும்.

பயிற்சி குறையும் மாதங்களில் சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். தினம் 40 கி.மீ. சைக்கிள் மிதித்தபோது சாப்பிட்ட அதே அளவு பரோட்டாவும் பிரியாணியும் இப்போது உடம்பில் கொழுப்பாகத் தங்கும்.

திரும்பவும் முழுப் பயிற்சி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக அதிக நாளாகும். காயங்கள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் வருகின்றன. பாதி தூரத்தில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டுங்கள்.

போட்டிக்கே போகாத நமக்கும் இதில் பாடம் உண்டு. பெரியவர்கள் வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். பயிற்சி குறைந்த மாதங்களில் பிள்ளைக்குக் காலையில் நேரம் மிச்சமிருக்கும். அத்தாவையும் அம்மாவையும் நடைக்கு அழைத்துப் போக அதுவே நல்ல சமயம்.