மழலையின் ஓட்டத்தை அளக்கும் கருவி

துணியை மீட்டரால் அளக்கிறோம். காய்ச்சலை வெப்பமானியால் அளக்கிறோம். ஒரு நிமிடமும் ஓரிடத்தில் நில்லாத மழலையின் ஓட்டத்தை எதனால் அளப்பது?

தாயைக் கேட்டால் போதாதா என்று தோன்றலாம். இடைவேளையில் நம் மழலையர் வகுப்புக் குழந்தைகளைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு குழந்தை ஓடும், நிற்கும், குனிந்து கல் பொறுக்கும், மறுபடியும் ஓடும். அமெரிக்காவில் 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரை நேரில் கவனித்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. அவர்களுடைய வேகமான அசைவு ஒவ்வொன்றும் பெரும்பாலும் சுமார் 3 விநாடியே நீடித்ததாம்! சிதறிக் கிடக்கும் இவ்விநாடிகளை எந்தத் தாயால் கூட்டிச் சொல்ல இயலும்?

அதற்கென அமைந்ததே முடுக்கமானி. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரும் பேருந்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? இக்கருவிக்குள்ளும் நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று, வில் போன்ற தாங்கிகளில் நின்று அவ்வாறே அசைகிறது. அவ்வசைவு மின்குறியாக மாறி, விநாடிக்கு 30 முறையோ அதற்கு மேலோ பதிவாகிறது. கைப்பேசியைத் திருப்பினால் படமும் திரும்புவது இத்தகைய கருவியால்தான். குழந்தையின் இடுப்பிலோ மணிக்கட்டிலோ பட்டையால் இதைக் கட்டிவிடுகிறார்கள்.

பதிவைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். ஒரு பாடத்தில் பெற்ற நூறு மதிப்பெண் சராசரியில் மறைந்துபோவது போல, முழு நிமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3 விநாடி ஓட்டம் மறைந்துவிடும். ஆகவே மழலையர்க்கு 15 விநாடி அல்லது அதனினும் குறைந்த கூறுகளாகப் பிரிக்கின்றனர்.

நம் நாட்டிலும் இக்கருவி சோதிக்கப்பட்டுள்ளது. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை ஆய்வில் சேர்ந்திருந்த, 8 வயதையொட்டிய சிறுவர் சிறுமியர் இதனை அணிந்தனர். அதே நாட்களில், தனிவகை நீர் ஒன்றைப் பருகச் செய்து, அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றலும் கணக்கிடப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்ட கட்டுரை 2009-இல் வெளிவந்தது.

குறைகளும் உண்டு. இடுப்பில் கட்டிய கருவி மிதிவண்டி மிதிப்பதைச் சரிவர அறியாது. குடம் சுமக்கும் உழைப்பையும் அறியாது.

3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் வேகமான ஆட்டமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பூந்தமல்லியிலிருந்து வேனில் உட்கார்ந்து வந்து, வகுப்பிலும் உட்கார்ந்து, மாலையில் தொலைக்காட்சி முன்னும் உட்காரும் குழந்தைக்கு இந்த 180 நிமிடம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. பல நாட்டு ஆய்வுகளில் சிறுமியரின் ஓட்டம் சிறுவரினும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. எவ்வளவு என்று கருவி சொல்லும். ஏன் என்று சொல்லாது. “பெண் பிள்ளை அடக்கமாய் உட்கார்” என்று வீட்டில் நம் தங்கைகளை அதட்டும் நாமும் அதற்கு ஒரு காரணம் ஆகலாமன்றோ? பெற்றோரே, தோழியரே! அவர்களை ஓடவிடுவோம், ஓட இடமும் தருவோம்.