ஓடைத் தண்ணீர் எங்கே போகிறது?



கோடை விடுமுறையில் ஊட்டி, குன்னூர் போய் வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்! நிறைய கைகள் தெரிகின்றன. சரி, அங்கே நடந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் காட்சிமுனை சுமார் 12 கி.மீ. தூரம். காரில் போனால் அரை மணி நேரம். நடந்தால் மூன்று மணி நேரம். ஆனால், அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பதை, காரில் போகிறவர் பத்து முறை போனாலும் பார்க்க முடியாது.

1874ல் உருவான சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள். இருபுறமும் தேயிலைத் தோட்டம். இடையிடையே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள். பெண்கள் கொழுந்து பறிப்பதை நின்று கவனியுங்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு... அதைத்தான் கிள்ளுவார்கள். வழியில் லேம்ஸ் ராக் வரும். மூடுபனி விலகினால், கீழே கோவைச் சமவெளி தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புப் பிள்ளைகளை இந்த வழியே அழைத்துச் சென்றேன். ஓர் ஓடையருகே உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டோம். ஒரு பையன் காலி கவரைத் தண்ணீரில் விட்டு, "படகு போகுது பாருங்க டீச்சர்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கண்டிக்காமல் விட்டுவிட்டேன்.

டால்பின் நோஸில் நின்றபோது, எதிர்மலையில் கேத்தரின் அருவி வெள்ளிக் கம்பியாகத் தொங்கியது. சுமார் 250 அடி உயரம். "இந்தத் தண்ணியெல்லாம் எங்கே டீச்சர் போகுது?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"கல்லாற்றில் சேர்ந்து, மேட்டுப்பாளையம் அருகே பவானி ஆற்றில் கலக்கும். பிறகு பவானிசாகர் அணைக்குப் போய் ஈரோடு மாவட்ட வயல்களில் பாயும். மீதி, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேரும்" என்றேன்.

"எங்க மாமா வீடு மேட்டுப்பாளையம். அங்க ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறாங்க" என்றாள் அவள்.

கவரை விட்ட பையன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது ஓடைக்கு ஓடிப் போய்த் தேடினான். கவர் இல்லை, எப்போதோ போய்விட்டது. அன்று அவனைவிட எனக்குத்தான் அதிக வருத்தம்.

ஸ்பெயின் நாட்டில், ரயில் ஓடாத பழைய பாதைகளை 1993 முதல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற 'பசுமை வழி'களாக மாற்றி வருகிறார்கள். இப்போது 3,000 கி.மீ.க்கு மேல் இருக்கின்றன. சில வழிகள் ஆற்றோரமாகவே போகும். நம் நீலகிரியிலும் 2008 முதல் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்ற சைக்கிள் பயணம் நடக்கிறது. மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்! அதையும் மிதித்தே ஏறுகிறார்கள்.

மலைக்கு வரும் வண்டிகள் பெருகியதால்தான், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. நடப்பவருக்கு எந்தப் பாஸும் வேண்டாம்!

ஆனால், தனியாகப் போகாதீர்கள், பெரியவர்களோடு போங்கள். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நின்றால், தூரத்திலேயே நின்றுவிடுங்கள். சாலையில் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். ஸ்வெட்டரும், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி கவர்களைப் போட்டுக் கொண்டுவர ஒரு துணிப்பையும் அவசியம்.

வழியில் ஓர் ஓடையைப் பார்த்தால், கொஞ்சம் நின்று அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தத் தண்ணீருக்காகக் கீழே குடத்தோடு ஒருவர் காத்திருக்கிறார், குழந்தைகளே!