ஊதியமும் மதிப்பும்

தொழில் செய்வோர்க்கு உரிய கைம்மாறு ஊதியம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஊதியத்தால் மட்டும் நிறைவுறாத தேவையொன்று மனிதர்க்கு உண்டு. தம் திறமை பிறரால் அறியப்படுதல் வேண்டும் என்னும் விழைவே அது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு புலனாகும்.

தோட்ட வழக்கில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்பது பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவர்க்குச் செக்ரோலில் முழுப்பேர் விழும், குறைந்தவர்க்கு அரைப்பேரே. பேர் என்னுஞ் சொல் ஈண்டு ஆளைக் குறியாது கூலியையே குறிக்கின்றது. கங்காணி முறை ஓங்கியிருந்த காலத்தில், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு எனக் கங்காணிக்கு ஒரு காசு கிடைத்தது. உழைத்தவரின் வருகையால் மேன்மையுற்றவர் அழைத்து வந்தவரே எனலாம்.

கொழுந்து பறித்தல் எளிய வேலையன்று. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகத் தேர்ந்து, முற்றிய இலையை விலக்கி, மட்டக்கம்பு காட்டும் அளவிலே செடியின் மேற்பரப்பைக் காத்து, செங்குத்தான சரிவில் நின்று விரைவாகப் பறித்தல் வேண்டும். தேநீரின் தரம் இக்கைகளிலேயே தொடங்குகின்றது. தராசு நிறையை அறியுமேயன்றி இந்நுட்பத்தை அறியாது. அண்மைக் காலத்தில் தோட்டக் கம்பனிகள் சில கொழுந்து பறிக்கும் போட்டிகளை நடாத்தி, வென்றோரை அவையிற் பாராட்டுவது இக்குறையை ஓரளவு நீக்குகின்றது.

அங்ஙனமாயின் பாராட்டு கூலிக்கு ஈடாகுமா? ஆகாது. அமெரிக்க உளவியலறிஞர் பிரெடெரிக் ஹெர்ஸ்பேர்க் 1959ஆம் ஆண்டில் தம் துணைவரோடு வெளியிட்ட ஆய்வில் இவ்விரண்டையும் வேறுபடுத்தினார். ஊதியமும் வேலைச் சூழலும் குன்றின் மனக்குறை பிறக்கும். ஊக்கமோ சாதனை, மதிப்பு, பொறுப்பு என்பவற்றாற் பிறக்கும் என்பது அவர் கொள்கை. இதன்படி, ஒழுகும் லயத்துக் கூரையின் குறையைச் சான்றிதழ் தீர்க்கமாட்டாது. கூலி உயர்வை மறுத்தற்கு மாலை அணிவிப்பின், அம்மாலையும் அவமதிப்பாகவே கொள்ளப்படும்.

மெய்யான மதிப்பு பொறுப்பளிப்பதில் விளங்கும். கொழுந்து பறிப்போருட் பெரும்பாலார் பெண்கள். எனினும் அவர்களை மேற்பார்க்கும் பணி நெடுங்காலம் ஆடவர் வசமே இருந்தது. ஆடவர்க்கு ஒத்த நாட்கூலியும் அவர்களுக்கு 1984ஆம் ஆண்டிலேயே கிட்டிற்று. சில தோட்டங்களில் இப்பொழுது பெண்கள் கங்காணிகளாக நியமிக்கப்படுதல் வரவேற்கத்தக்கது.

தோட்டத்துக்கு அப்பாலும் இது பொருந்தும். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் மலையக மக்களுட் பெரும்பாலார் குடியுரிமையற்றோராயினர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. இவ்விடைக்காலத்தில் எத்துணைத் திறமையாளரும் நாட்டின் ஏட்டில் இடம்பெறாதே உழைத்தனர். ஆதலின், தொழிலாளரைப் பெயர் சொல்லி அழைத்தல், மலையைப் பற்றி அவர் கூறும் கருத்தைக் கேட்டல், தகுதியுடையார்க்குப் பொறுப்பளித்தல் ஆகியவை சிறு செயல்கள் அல்ல. நியாயமான கூலியோடு இவையும் சேரும்போதே செக்ரோலில் விழும் பேர் ஒரு மனிதரின் பெயராகும்.