அறுபத்தோராவது பிள்ளை

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்கிறோம், கழிப்பறையைப் பார்க்கிறோம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து எத்தனை ஆசிரியர் என்று கேட்க மறந்துவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர். அறுபதோடு நின்றால் ஈராசிரியர் பள்ளி. இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வருகிறது.

அந்த ஒருவரால் என்ன மாறும்? ஆண்டுக்கு 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். இரண்டு ஆசிரியரின் 1,600 மணியை ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் வகுப்புக்கு 320 மணிதான். மீதி நேரமெல்லாம் பிள்ளை தானாக எழுதிக்கொண்டோ, பக்கத்து வகுப்புப் பாடம் காதில் விழ உட்கார்ந்தோ இருக்கும். மூன்று பேர் என்றால் 320 என்பது 480 ஆகிறது. இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ போய்விட்டால், அன்று அது ஓராசிரியர் பள்ளி. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல முறைதான், ஆனால் ஒவ்வொரு குழுவோடும் உட்கார ஆள் வேண்டுமே.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வில், 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைகள் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் இன்னும் அதிகம். நம் பக்கம் பாருங்கள்: ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் அப்பா கடலுக்கும் அம்மா மல்லிகை நாற்று வேலைக்கும் போகிற வீட்டில், பள்ளியில் விட்டுப்போன எழுத்தைச் சொல்லித்தர மாலையில் யார் இருக்கிறார்கள்? இழப்பு முழுக்க அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பிள்ளையே அறுபத்தோராவது பிள்ளையாக இருக்கலாம்.

பணியிடம் இருந்தும் ஆள் இல்லையென்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பள்ளியின் காலியிடம் மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஈராசிரியர் பள்ளியில் ஓரிடம் காலி என்றாலே 50 விழுக்காடு! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அங்கே தீர்மானம் போட்டு, தங்கச்சிமடம் அடங்கிய மண்டபம் ஒன்றிய வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்கும் எழுத்துப் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு.

2022இல் 4,989 இடைநிலை ஆசிரியர் இடங்களை, மாதம் 7,500 ரூபாய்க்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முன்வந்தது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் கேட்க வேண்டியது நிரந்தர ஆசிரியரை.

புகாருக்கு முன் ஆதாரம் வேண்டுமா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நான்கே கேள்வி போதும்: ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள்? அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? அதில் காலி எத்தனை? எந்தத் தேதியிலிருந்து?