எரிந்த படச்சுருளும் எஞ்சிய பாட்டும்
(திரை கடந்த பாட்டு – 9)

கல்கத்தாவில் எடுத்த படம் டாக்காவில் இருக்கிறது. 1935இல் பி. சி. பருவா இயக்கி நடித்த வங்காள ‘தேவதாஸ்’ படத்தைச் சொல்கிறேன். தயாரித்த நியூ தியேட்டர்ஸ் ஸ்ரூடியோவில் தீ பற்றியபோது அதன் பிரதிகள் அழிந்துபோயின. தப்பிய ஒரு பிரதி, அதுவும் ஒரு பகுதி பழுதுபட்டு, இன்று பங்களாதேஷ் திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. படம் வெளிவந்த காலத்தில் அந்த இரண்டு ஊருக்கும் இடையில் எல்லையே கிடையாது. பிறகுதான் கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோன பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

போன வாரம் பின்னணிப் பாடலின் பிறப்பைப் பார்த்தோம். அதே 1935இல் அதே நியூ தியேட்டர்ஸ் ‘பாக்ய சக்ர’ படத்துக்காகப் பாட்டைத் தனியாக ஒலிப்பதிவு செய்து, நடிகர்களை வாயசைக்க வைத்தது. ஆர். சி. போராலும் பங்கஜ் மல்லிக்கும் நிதின் போஸும் சேர்ந்து எடுத்த அந்த முடிவு இந்தியப் படப்பாட்டின் போக்கையே மாற்றிவிட்டது. பாட்டு படத்திலிருந்து கழன்று இசைத்தட்டாக, வானொலியாக, கசற்றாகத் தனியே ஊர்சுற்றத் தொடங்கியது. படம் எரிந்தாலும் பாட்டு எங்கோ ஒரு வீட்டில் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியான வீடுகள் ஆலங்குடாவில் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் இந்தக் கரையைச் சுற்றுலாக்காரர்கள் டொல்பின் பார்க்கும் இடமாக அறிவார்கள். நமக்கு இந்த ஊர் வேறு விதத்தில் அறிமுகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். ஆலங்குடாவைச் சுற்றிக் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் முகாம் வாழ்க்கை நடந்தது. காணி உறுதி, நகைநட்டு, கடைச் சாமான் என்று விட்டுவந்தவற்றின் கணக்கைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பாட்டுப் புத்தகங்களும் வானொலிப் பெட்டிகளும் அந்தக் கணக்கில் வந்ததில்லை.

ஒரு வீட்டில் பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கசற்றுகள். “இது எங்கட வாப்பாட எழுத்து” என்று மேலே இருந்த ஒன்றை எடுத்துத் தந்தார் வீட்டுக்காரர். நீல மையில் படப் பெயர்கள், சில இடத்தில் பாடகர் பெயர். நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். கடல் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். உடனே போட்டுக் கேட்கலாமா என்றார், நான் வேண்டாம் என்றேன். பூஞ்சணத்தோடு ஓடவிட்டால் அது ஒலிமுனையில் ஒட்டி மற்றக் கசற்றுகளுக்கும் பரவும். நாடாவை உலரவைத்து, மெல்லத் துடைத்து, புதிய கூட்டுக்கு மாற்றி, ஓடவிடும் முதல் தடவையே கணினியில் பதிந்துவிட வேண்டும். இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமலே போகலாம்.

வானொலியிலிருந்து பதிந்த கசற் என்றால் கூடுதல் கவனம் தேவை. பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளரின் குரல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தின் பெயர், இசையமைத்தவர், சில சமயம் விரும்பிக் கேட்ட நேயர்களின் ஊர்ப்பெயர்கள். இதைக் ‘குறுக்கீடு’ என்று வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் சுத்தம் செய்து வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. எந்தப் பாட்டை எந்த ஊர் விரும்பியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி ஏது?

வங்காளத்துக்கும் இந்தக் கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஜோதிஷ் சிங். 1947 ஜனவரி 21இல் கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொரொந்துவ’வை இயக்கிய வங்காளி அவர். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படப்பிடிப்பு மதுரையில். கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். அதே ஆண்டு வந்த ‘அசோகமாலா’வில் பாடிய முகைதீன் பெய்க் சேலத்தில் பிறந்த முஸ்லிம், வெசாக் நாட்களில் இலங்கை முழுவதும் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்களின் குரல் அவருடையது. இந்த நாட்டுச் சினிமாவின் பெட்டியைத் திறந்தால் இத்தனை பேரும் உள்ளே இருக்கிறார்கள். ஒரே மொழிக்காரர் மட்டும் காவல் காத்து இதைக் காப்பாற்ற முடியாது.

காக்கத் தவறிய கதையும் உண்டு. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழருக்கு எதிராக மூட்டிய அந்த நெருப்பில் சிங்களப் படச்சுருள்களும் வெந்தன. இலங்கைத் தமிழ்ப் படங்களோ ஏற்கெனவே அநாதைகள். 1962இன் ‘சமுதாயம்’, 1963இன் ‘தோட்டக்காரி’, கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’, தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த ‘வாடைக்காற்று’ என்று தம்பிஐயா தேவதாஸ் ஒவ்வொன்றாகத் தேடி ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’யை எழுதிவைத்திராவிட்டால் பெயர்கள்கூட நமக்கு மிஞ்சியிரா.

ஆனால் எரிந்தது என்று கைவிட்டுவிடக் கூடாது. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் மூல நெகற்றிவ்கள் 1993இல் லண்டன் லாப் ஒன்றின் தீயில் கருகின. கருகியதையும் எறியாமல் வைத்திருந்தார்கள். இத்தாலியில் பொலோஞா நகரத்து நிபுணர்கள் அதை மாதக்கணக்கில் பதப்படுத்தி, முடியாத இடங்களை வேறு நாடுகளில் இருந்த பிரதிகளால் நிரப்பி, 2015இல் படங்களை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். 2025இல் கான் விழாவில் ராயின் ‘அரண்யேர் தின் ராத்ரி’யும் நம் சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’யும் மீட்கப்பட்ட படங்களாக ஒரே பிரிவில் திரையிடப்பட்டன. இரண்டிலும் மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனுக்குப் பங்கு உண்டு. ‘பொன்மணி’யும் அந்த மேடையில் ஏற வேண்டும் என்பது என் ஆசை, பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பணமும் அரசும் வேண்டும். கசற்றுக்கு அவ்வளவு வேண்டாம். ஆலங்குடாவோ மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியோ, உங்கள் வீட்டு ரின்னில் கசற்றோ பாட்டுப் புத்தகமோ இருந்தால் முதலில் வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் எடுத்துவையுங்கள். யாருடையது, எந்த ஊரில் எந்த ஆண்டளவில் பதிந்தது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். அதைச் சொல்லக்கூடிய மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். பிறகு 2005 முதல் நம் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற யாரையாவது அணுகுங்கள். உறையில் இருக்கும் பழைய எழுத்தை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள்.

(அடுத்த வாரம்: சிங்களத் திரைக்கு இசையமைத்த தமிழர்கள் – ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி)